புள்ளிக்கு அளவே இல்லை என்றால் கோட்டுக்கு நீளம் எங்கிருந்து வந்தது?

கரூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று ராத்திரி வடிவியல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "புள்ளிக்கு நீளம், அகலம், உயரம் எதுவும் கிடையாது" என்று வாசித்தாள். நாலு வரி தள்ளி "கோடு என்பது புள்ளிகளின் தொகுப்பு" என்று இருந்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

பென்சிலைக் கூராகச் சீவி ஒரு புள்ளி வைத்தாள். தாத்தாவின் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கரித்தூள் சிந்தின மாதிரி ஓரமெல்லாம் பிசிறு பிசிறாகப் பெரிய கறுப்புத் திட்டு. "இதுக்கே இவ்வளவு அகலம் இருக்கே அம்மா, அப்போ இது புள்ளி இல்லையா?" என்றாள். அதற்கே பதில் தெரியாமல் இருந்தேன். அடுத்ததாகக் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பூஜ்யத்தை எத்தனை தடவை கூட்டினாலும் பூஜ்யம்தானே? அளவே இல்லாத புள்ளிங்களைச் சேர்த்து வச்சா 5 சென்டிமீட்டர் எப்படி வரும்?"

நான் படித்தது வணிகவியல். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்ல மனசு வரவில்லை. பதினோரு வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்ல முடியுமா?

கணக்கு வாத்தியார்:

அம்மா, முதலில் உங்கள் மகளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அவள் கேட்டது தப்பான கேள்வியே இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாகப் பெரிய பெரிய தலைகள் உட்கார்ந்து யோசித்த கேள்வி அது.

யூக்ளிட் சுமார் கி.மு. 300இல் அலெக்சாந்திரியாவில் இருந்தவர். வடிவியலை முறையாகத் தொகுத்து 13 நூல்களாக எழுதினார். முதல் நூலின் தொடக்கத்தில் 23 வரையறைகள் இருக்கின்றன. முதலாவது, பகுதி இல்லாதது புள்ளி. இரண்டாவது, அகலமில்லாத நீளம் கோடு. மூன்றாவதைக் கவனியுங்கள்: கோட்டின் முனைகள் புள்ளிகள்.

முப்பது வருஷம் பாடம் நடத்திய பிறகுதான் இந்த மூன்றாவது வரியை நான் ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். புள்ளிகளை அடுக்கினால் கோடு வரும் என்று யூக்ளிட் எங்கேயும் சொல்லவில்லை. அவருக்குக் கோடு தனியே இருக்கிறது, புள்ளி தனியே இருக்கிறது. கோடு முடிகிற இடம் புள்ளி, ஒரு கோட்டை இன்னொன்று வெட்டுகிற இடம் புள்ளி. செங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புவதுபோல் புள்ளியை அடுக்கிக் கோடு எழுப்புகிற வேலை அங்கே கிடையாது. "புள்ளிகளின் தொகுப்பு" என்பது பிற்காலத்தில் வந்த பேச்சு. அதுவும் சரிதான், ஆனால் அதற்குப் பின்னால் பெரிய கணிதம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தால் யோசிக்கிற பிள்ளை இப்படித்தான் நின்றுவிடும்.

நூல்குண்டு:

நான் கட்டட வேலையில் இருக்கிறவன். புத்தகக் கணக்கு அவ்வளவு வராது, ஆனால் புள்ளி எனக்குத் தினமும் வேண்டும்.

வீட்டுக்கு அஸ்திவாரம் மார்க்கிங் போடும்போது நாலு பக்கமும் முளை அடித்து, முளைத் தலையில் ஆணி அடித்து, எதிரும் புதிருமாக நூல் கட்டுவோம். கிழக்கு மேற்காக ஒரு நூல், தெற்கு வடக்காக ஒரு நூல். இரண்டும் வெட்டுகிற இடத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், குண்டின் முனை தரையில் காட்டுகிற இடம்தான் தூணின் மையம். அங்கே சுண்ணாம்பால் ஒரு குறி வைப்போம். அந்தக் குறி கட்டைவிரல் அகலம் இருக்கும். அதைப் பார்த்து யாரும் வேலை செய்வதில்லை. மறுநாள் குழி தோண்டும்போது சுண்ணாம்புக் குறி போயே போய்விடும். தோண்டி முடித்த பிறகு திரும்ப நூலைக் கட்டிக் குண்டு விட்டால் மையம் அதே இடத்தில் வந்து நிற்கும். குறி போனாலும் இடம் போகாது. எங்களுக்கு அந்த இடம்தான் புள்ளி.

இன்னொன்று. ஆணிக்கு 3 மி.மீ. கனம் உண்டு. ஒரு முளையில் நூலை ஆணிக்கு இடது பக்கமும் எதிர் முளையில் வலது பக்கமும் கட்டினால் கோடு சாய்ந்துவிடும். அதனால் எப்போதும் ஒரே பக்கமாகக் கட்டு என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். கனம் இருக்கிற பொருளை வைத்துக்கொண்டு கனம் இல்லாத கோட்டைப் பிடிக்கிற வித்தை அது.

கோவைப் பையன்:

இவ்வளவு யோசிக்கணுமா? டிவி திரையை எடுத்துக்கோங்க. கிட்டப் போய்ப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளி. வரிசையாக ஒட்டி இருப்பதால் தூரத்திலிருந்து கோடாகத் தெரியுது. பாப்பாவுக்கு இதைச் சொன்னால் சட்டுனு புரிஞ்சிடும்.

முதுகலை மாணவன்:

கோவைத் தம்பி, நல்ல எண்ணத்தோடு சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் பாப்பா கேட்ட கேள்விக்கு அந்த உதாரணம் நேர் எதிர். திரையில் இருக்கிற பிக்சலுக்கு அளவு உண்டு, ஒரு பிக்சலுக்குப் பக்கத்தில் அடுத்த பிக்சல் உண்டு. கோட்டில் இருக்கிற புள்ளிக்கு இரண்டும் கிடையாது.

அக்கா, மகளை ஒரு 10 செ.மீ. கோட்டுத்துண்டு வரையச் சொல்லுங்கள். ஒரு முனை ஏ. "ஏ-க்கு அடுத்த புள்ளி எது?" என்று கேளுங்கள். அவள் எந்தப் புள்ளியைக் காட்டினாலும், ஏ-க்கும் அதற்கும் நடுவில் ஒரு மையப்புள்ளி இருக்கும். அப்போது அவள் காட்டியது "அடுத்தது" இல்லை. சரி, அந்த மையப்புள்ளியைச் சொன்னால்? அதற்கும் ஏ-க்கும் நடுவே இன்னொன்று. 5 செ.மீ., 2.5, 1.25 என்று போய்க்கொண்டே இருக்கும், முடியாது. ஆக, கோட்டில் அடுத்த புள்ளி என்று ஒன்றே இல்லை. ஒட்டி ஒட்டி வைக்க வேண்டுமானால் பக்கத்துப் புள்ளி என்று ஒன்று இருக்க வேண்டுமே. அதுதான் இல்லையே. தொடர்ச்சியாக இருக்கிற ஒன்றைப் பகுக்க முடியாத துணுக்குகளால் ஆக்க முடியாது என்று அரிஸ்டாட்டில் தன் இயற்பியல் நூலின் ஆறாம் பகுதியில் வாதிடுகிறார். உங்கள் மகள் நின்ற இடம் அதேதான்.

இப்போது பூஜ்யக் கூட்டல். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி எண்ணிக்கொண்டே போகிற மாதிரி புள்ளிகள் இருந்தால் அவள் சொல்வது முழுக்கச் சரி. பூஜ்யத்தை அப்படி முடிவில்லாமல் கூட்டிக்கொண்டு போனாலும் பூஜ்யம்தான். ஆனால் ஒரு கோட்டுத்துண்டில் உள்ள புள்ளிகளை அந்த மாதிரி வரிசையில் அடக்கவே முடியாது. எப்படி வரிசை போட்டாலும் விட்டுப்போன புள்ளிகள் இருக்கும். இதை 1874இல் கேன்டர் என்ற ஜெர்மன் கணிதர் நிரூபித்தார். வரிசையில் அடங்காததை ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டு போக வழியில்லை. அதனால் "புள்ளிகளைக் கூட்டினால் நீளம் என்ன?" என்ற கேள்வியே அங்கே எழாது.

அப்போது நீளம் என்ன? இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள தூரம், அவ்வளவுதான். அதற்கும் புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. இதைக் கையாலேயே வரைந்து பார்க்கலாம். தாளின் கீழே 10 செ.மீ. கோட்டுத்துண்டு. அதற்கு மேலே, அதற்கு இணையாக, நடுவாக 5 செ.மீ. கோட்டுத்துண்டு. பெரிய கோட்டின் இடது முனையையும் சின்னக் கோட்டின் இடது முனையையும் சேர்த்து மேலே நீட்டுங்கள். வலது பக்கமும் அப்படியே. இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்த உச்சியிலிருந்து கீழே எந்தக் கோடு இழுத்தாலும் சின்னதில் ஒரு புள்ளியையும் பெரியதில் ஒரு புள்ளியையும் தொடும். சின்னதில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் பெரியதில் ஒரு ஜோடி, யாரும் தனியாக நிற்கவில்லை. புள்ளிகள் இரண்டிலும் சரிசமம், நீளம் மட்டும் இரண்டு மடங்கு.

கோவைப் பையன்:

பிக்சல் உதாரணத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த முக்கோணத்தை இப்பத்தான் வரைஞ்சு பார்த்தேன். நானும் பத்தாவது வரைக்கும் கணக்கு படிச்சேன், இதை யாருமே காட்டலை.

கரூர்க்காரி:

மாணவன் தம்பிக்கு நன்றி. சாயங்காலம் வரைந்தோம். உச்சியிலிருந்து பதினோரு கோடு இழுத்தாள். அப்புறம் இரண்டு கோட்டுக்கு நடுவே ஸ்கேலை வைத்து இன்னொன்று, அதற்கும் பக்கத்துக் கோட்டுக்கும் நடுவே இன்னொன்று. கடைசியில் பென்சில் கோடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகிவிட்டது. "பென்சில்தான் பத்தலை, கோடு இன்னும் இருக்கு" என்றாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகச் சொன்னாள்.

நூல்குண்டு அண்ணா சொன்னதையும் படித்துக் காட்டினேன். "குறி போனாலும் இடம் போகாது" என்பதை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். போன மாதத் தேர்வில் "ஏபி என்ற கோட்டின் நீளத்தை அளந்து எழுதுக" என்று ஒரு கேள்வி. இவள் "கோட்டை அளக்க முடியாது. ஏபி கோட்டுத்துண்டின் நீளம் 6 செ.மீ." என்று எழுதியிருக்கிறாள். முதல் வரியைச் சிவப்பு மையால் அடித்துப் பாதி மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். அரை மார்க் எனக்குப் பெரிதில்லை. ஆனால் அன்றைக்கு அவள் முகம் போன போக்கு எனக்குத் தாங்கவில்லை. அவள் எழுதியது தப்பா?

யாழ் ஆசிரியை:

வணக்கம் சகோதரி. நான் இலங்கையில் இடைநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். உங்கள் மகள் எழுதியது சரி. அந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சில சொற்கள் வேறு. நீங்கள் இணைகோடுகள் என்பதை நாங்கள் சமாந்தரக் கோடுகள் என்போம், கோட்டுத்துண்டை நேர்கோட்டுத் துண்டம் என்போம், ஸ்கேல் எங்களுக்கு அடிமட்டம். ஆனால் விஷயம் ஒன்றுதான். நேர்கோடு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகும், அதனால் படத்தில் இரு முனையிலும் அம்புக்குறி போடுவோம். கதிருக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை, ஒரு அம்புக்குறி. துண்டத்துக்கு இரண்டு பக்கமும் முடிவு உண்டு, அம்புக்குறி இல்லை. அளக்கக்கூடியது துண்டம் மட்டுமே.

வகுப்பில் நான் ஒரு நூல்பந்து வைத்திருப்பேன். இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு இழுத்துப் பிடிக்கச் சொல்வேன், அது துண்டம். பிறகு ஒரு பிள்ளை மட்டும் பிடித்துக்கொள்ள, மற்றப் பக்கத்தை யன்னலுக்கு வெளியே விட்டுவிடுவேன். "இது எங்கே முடியுது?" என்று கேட்டால் "தெரியாது டீச்சர், போய்க்கொண்டே இருக்கு" என்பார்கள். அது கதிர். நேர்கோட்டைக் காட்டும்போது ஒரு பக்கம் யன்னல், ஒரு பக்கம் வாசல். நூலைப் பிடித்திருக்கிற பிள்ளை நடுவில் நிற்கும். அந்தப் பிள்ளையால் அதை அளக்க முடியாது என்று வகுப்பே சொல்லும்.

கணக்கு வாத்தியார்:

டீச்சர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் வினாத்தாள் எடுத்தவர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யூக்ளிட் "நேர்கோடு" என்று சொல்லும்போது பெரும்பாலும் எல்லையுள்ள கோட்டைத்தான் சொல்கிறார். அவருடைய இரண்டாவது எடுகோளே, எல்லையுள்ள நேர்கோட்டை நேராகவே தொடர்ந்து நீட்டலாம் என்பதுதான். முன்னே முடிவு இருந்தால்தானே நீட்ட முடியும்? முடிவில்லாத கோடு, கதிர், துண்டு என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனிக் குறியீடு கொடுப்பது பள்ளிப் பாடங்களில் பின்னால் வந்த ஒழுங்கு. பேச்சில் நாம் எல்லோரும் "ஒரு கோடு போடு, 6 சென்டிமீட்டருக்கு" என்றுதான் சொல்கிறோம்.

ஆனாலும் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தேர்வில் நாமே கலந்துபோட்டு எழுதி, பிரித்து எழுதிய பிள்ளையிடம் மதிப்பெண்ணைப் பிடுங்குவது நியாயமே இல்லை. நோட்டையும் விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள் அம்மா. சண்டை வேண்டாம். "சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதியிருக்கிறாள்" என்று காட்டுங்கள். வாத்தியார்களுக்கு அது புரியும்.

சர்வேயர் மகன்:

அப்பா நில அளவையர், நானும் அதே வேலைதான். நூல்குண்டு அண்ணன் சொன்ன ஆணிக் கதை எங்களுக்குக் கல் கதை. எல்லைக் கல் அரை அடி கனம் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேரும் கல்லின் எந்த முகத்திலிருந்து டேப் பிடிப்பது என்று மல்லுக்கு நிற்பார்கள். கல்லின் தலையில் வெட்டியிருக்கிற குறியிலிருந்துதான் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அடங்கவைப்பது பாதி வேலை. கல் என்பது புள்ளியைக் காப்பாற்றுகிற காவல்காரன் என்று அப்பா சொல்வார்.

வளைந்து நெளிந்து போகிற நிலத்தையும் நாங்கள் நேர்கோட்டில்தான் பிடிக்கிறோம். தூரத்துக் கல் இரண்டுக்கும் நடுவே ஒரு நீளக் கோடு, அதற்கு ஜி லைன் என்று பேர். வரப்பு திரும்புகிற ஒவ்வொரு இடத்துக்கும் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக ஆஃப்செட். கோட்டில் எத்தனை மீட்டரில், எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் தள்ளி என்று குறித்துவிட்டால் போதும். வரப்பையே அழித்துவிட்டாலும் திரும்ப வரைந்துவிடலாம்.

இதையே பெரிதாகச் செய்ததுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல், அதாவது சுமார் 12 கி.மீ. நூறு அடி எஃகுச் சங்கிலியைத் தூக்கித் தூக்கி வைத்து அளந்தார்கள். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொண்டார்கள். அந்த ஒரு கோட்டை அளக்கவே 57 நாள் ஆயிற்று. ஏன் அவ்வளவு கவனம் என்றால், அதற்கப்புறம் சங்கிலியைத் தூக்க வேண்டியதில்லை. கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் தூரத்து மலை உச்சியைப் பார்த்துக் கோணம் எடுத்தால், இரண்டு பார்வைக் கோடும் வெட்டுகிற இடம் மூன்றாவது புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து அடுத்த முக்கோணம். அப்படியே இமயமலை வரைக்கும் போனார்கள். முதல் கோட்டில் ஓர் அங்குலம் பிசகினால் அந்தப் பிசகு போகப் போகப் பெருகிவிடும்.

மார்கழி:

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குக் கோலம்தான் ஞாபகம் வருகிறது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடவே கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். கோலம் முடிந்த பிறகு எல்லாப் புள்ளியும் ஒரு கட்டத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும். புள்ளிக் கோலத்தில் கோடு புள்ளி வழியாகப் போகும், போட்டு முடித்தால் புள்ளி கோட்டுக்குள் மறைந்துவிடும். இரண்டிலும் புள்ளி வைப்பது எதற்கு என்றால் கை எங்கே திரும்ப வேண்டும் என்பதற்காக.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். நேர்ப்புள்ளி ஐந்துக்கு ஐந்து வைத்தால் 25 புள்ளி. ஊடுபுள்ளியில், அதாவது ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வருகிற மாதிரி வைப்பதில், நடு வரிசையில் 7, அதற்கு இரு பக்கமும் 6, 5, 4 என்று வைத்தால் மொத்தம் 37. ஊடுபுள்ளியில் எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் மூன்று திசையில் வரிசை தெரியும், அதனால்தான் நட்சத்திரம் அவ்வளவு அழகாக வரும். ஆனால் எப்படிப் புள்ளி வைத்தாலும், இரண்டே இரண்டு புள்ளியை மட்டும் தொட்டுவிட்டுப் போகிற ஒரு சாய்வுக் கோடு எங்கேயாவது வந்துவிடுகிறது. எந்த இரண்டு புள்ளியைச் சேர்த்தாலும் மூன்றாவது ஒன்றும் அதில் அகப்படுகிற மாதிரி கோலத்துக்குப் புள்ளி வைக்க முடியாதா?

முதுகலை மாணவன்:

மார்கழி அக்கா, முடியாது! உங்கள் ஐந்துக்கு ஐந்தில் கீழே இடது மூலைப் புள்ளியையும் மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது புள்ளியையும் சேருங்கள். அந்தக் கோட்டில் வேறு புள்ளி கிடையாது. எந்தக் கோலத்திலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. 1893இல் சில்வெஸ்டர் என்ற ஆங்கிலக் கணிதர் நீங்கள் கேட்டதைத்தான் கேள்வியாகப் போட்டார். 1944இல் காலாய் என்ற ஹங்கேரியர் நிரூபணம் தந்தார். கெல்லி என்பவர் பின்னால் கொடுத்த நிரூபணம் எனக்கு உயிர். ஸ்கேல் மட்டும் தெரிந்தால் போதும், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குறைந்தது இரண்டு புள்ளி வழியே போகிற எல்லாக் கோட்டையும் வரையுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும், அதில் இல்லாத ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் செங்குத்துத் தூரத்தை அளந்து, இருப்பதிலேயே சின்னதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளி ப, அந்தக் கோடு க. இந்த க-வில் இரண்டே புள்ளிதான் இருக்கும் என்கிறேன்.

இல்லை, மூன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ப-விலிருந்து க-வுக்குச் செங்குத்து இறக்கினால் அதன் அடி க-வை இரண்டு பக்கமாகப் பிரிக்கும். மூன்று புள்ளி, இரண்டு பக்கம், ஆகவே ஏதாவது ஒரு பக்கத்தில் இரண்டு புள்ளி அகப்படும் (ஒன்று சரியாக அடியிலேயே இருந்தாலும் பரவாயில்லை). அடிக்கு நெருங்கியிருப்பது ந, தள்ளியிருப்பது த. இப்போது ப-வையும் த-வையும் சேர்க்கிற கோட்டைப் பாருங்கள். ந-விலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்து இறக்கினால், அது ப-விலிருந்து க-வுக்கு உள்ள தூரத்தைவிடச் சின்னதாக இருக்கும். ஆனால் நாம் எடுத்ததுதான் இருப்பதிலேயே சின்னது! முரண். ஆகவே க-வில் மூன்றாவது புள்ளி இருக்க முடியாது.

ஒரு படம் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் கண்ணில் தெரிந்துவிடும். "இருப்பதிலேயே சின்னது" என்று எடுக்க முடிவதற்குக் காரணம் புள்ளிகள் எண்ணக்கூடிய அளவில் முடிந்துவிடுவதுதான். தரை முழுக்க முடிவே இல்லாமல் புள்ளி வைத்துக்கொண்டே போனால் இது செல்லாது. அப்போது எந்த இரண்டைச் சேர்த்தாலும் அந்தக் கோட்டில் முடிவில்லாத புள்ளிகள் வரும்.

மார்கழி:

படம் போட்டேன். ந-விலிருந்து இறக்கிய செங்குத்து அந்தச் சாய்வுக் கோட்டில் போய்க் குட்டையாக முட்டுவதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபது வருஷமாக வாசலில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்ததுக்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. நன்றி தம்பி.

தூத்துக்குடி மாலுமி:

ஒரு சின்னக் கேள்வி. இரண்டு இடத்துக்கு நடுவே குறைந்த தூரம் நேர்கோடு என்கிறோம். கடலில் நாங்கள் போகிற வழி தட்டை வரைபடத்தில் வளைந்துதான் இருக்கும். விமானமும் அப்படித்தான். அங்கே நேர்கோடு எது?

முதுகலை மாணவன்:

நீங்கள் போகிற அந்த வழியேதான் ஐயா. உருண்டையின் மேல், அந்த உருண்டையின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டம்தான் நேர்கோட்டின் இடத்தைப் பிடிக்கிறது. பூமி உருண்டை ஒன்றில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நூலை இழுத்துக் கட்டினால் நூல் வடதுருவப் பக்கம் ஏறிப் போகும். 2021 ஜனவரியில் அங்கிருந்து பெங்களூருக்கு வந்த முதல் நேரடி ஏர் இந்தியா விமானம் துருவத்தின் வழியாகத்தான் வந்தது. அட்சக்கோடுகளில் நிலநடுக்கோடு மட்டுமே பெருவட்டம், மற்றவை இந்தக் கணக்கில் நேர்கோடே இல்லை. இரண்டு பெருவட்டம் எப்படிப் போட்டாலும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த உலகத்தில் இணைகோடு என்ற பேச்சே கிடையாது.

கணக்கு வாத்தியார்:

இந்த இடத்தில் ஹில்பர்ட் என்ற ஜெர்மன் கணிதரைச் சொல்லாமல் விடக்கூடாது. 1899இல் அவர் வடிவியலைத் திரும்ப அடியிலிருந்து எழுதியபோது புள்ளி, கோடு, தளம் மூன்றுக்கும் வரையறையே கொடுக்கவில்லை. புள்ளி என்றால் என்ன என்று கேட்கவில்லை, புள்ளியும் கோடும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்று மட்டும் சொன்னார். இரண்டு புள்ளி வழியே ஒரே ஒரு கோடு. ஒரு கோட்டில் குறைந்தது இரண்டு புள்ளி. இப்படி. "பகுதி இல்லாதது" என்று சொன்னாலும் அடுத்து "பகுதி என்றால் என்ன" என்று பிள்ளை கேட்கும், எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும். ஆகவே அம்மா, உங்கள் மகள் "புள்ளின்னா என்ன?" என்று திரும்பக் கேட்டால், "அதை வச்சு என்ன செய்யலாம்னு பார்ப்போம் வா" என்று தைரியமாகச் சொல்லலாம்.

கரூர்க்காரி:

நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஐயா சொன்ன மாதிரியே நோட்டைக் காட்டினேன். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் சரி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மகளைக் கூப்பிட்டு வகுப்பில் மூன்றையும் விளக்கச் சொன்னாராம். நூல்பந்து கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற கம்பிகளில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல் கட்டினோம். வீட்டுச் சாவிக்கொத்தைத் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டோம். கீழே சாக்பீஸால் குறி வைத்தாள், தண்ணீர் ஊற்றி அழித்தாள், திரும்பக் குண்டு விட்டாள். அதே இடத்தில் வந்து நின்றது. மூன்று தடவை அழித்து அழித்துப் பார்த்தாள்.

அப்புறம் கண்ணை நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ரெண்டும் வெட்டவே இல்லை, ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது. நடுவுல காத்து இருக்கு" என்றாள். "வெட்டவும் இல்லை, இணையாவும் இல்லை, அப்போ இது என்ன கோடு?" அண்ணா, இதற்கு என்ன சொல்ல?

நூல்குண்டு:

பிள்ளை சரியாகப் பார்த்திருக்கிறாள். நாங்களும் அதைத்தான் பார்ப்போம். ஒரு நூல் மேலேயும் ஒன்று கீழேயும் போனால் மட்டம் பார்த்து முளையைத் தட்டி, இரண்டும் லேசாக உரசுகிற வரைக்கும் கொண்டுவருவோம். அவசரத்துக்கு, குண்டு தொங்குகிற நூல் அந்த இரண்டு நூலையும் தொட்டுக்கொண்டு நேராக இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் வெட்டுகிற மாதிரி தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் இடைவெளி தெரியும். அந்தக் கோட்டுக்குப் பேர் வாத்தியார்தான் சொல்லணும்.

கணக்கு வாத்தியார்:

பன்னிரண்டாம் வகுப்பில் வரும், ஒரு தளம் அமையாக் கோடுகள் என்று பேர். ஒரே தாளில் இரண்டு கோடு போட்டால் ஒன்று வெட்டும், இல்லாவிட்டால் இணையாகப் போகும். தாளை விட்டு வெளியே வந்தால்தான் இந்த மூன்றாவது வகை. வீட்டு அறையே போதும் அம்மா. நீங்கள் நிற்கிற மூலையில் செங்குத்தாக ஏறுகிற சுவர் விளிம்பு ஒன்று, எதிர்ச் சுவர் கூரையைத் தொடுகிற விளிம்பு ஒன்று. எவ்வளவு நீட்டினாலும் இரண்டும் சந்திக்காது, இணையும் இல்லை. நாலு சுவர் அறையில் இப்படி எத்தனை ஜோடி இருக்கிறது என்று அவளை எண்ணச் சொல்லுங்கள்.

கரூர்க்காரி:

தீப்பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக எண்ணினாள். மொத்தம் 12 விளிம்பு, ஒவ்வொன்றுக்கும் இந்த மாதிரி 4 விளிம்பு இருக்கிறதாம். முதலில் 48 என்றாள். அப்புறம் ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு தடவை எண்ணிவிட்டேன் என்று சொல்லி 24 என்கிறாள். சரியா ஐயா?

கணக்கு வாத்தியார்:

24. சரி.